தொடாத கருவியும் கைபேசியும்

தெரமின் என்பது விரலோ வில்லோ படாமல் வாசிக்கப்படும் மின்னணு இசைக்கருவி. பார்வைக்கு ஒரு சிறிய மரப்பெட்டி. அதன் வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஓர் உலோகக் குச்சி, இடப்பக்கம் படுக்கையாக நீளும் ஒரு வளையம். இரண்டும் ஏரியல்கள். வலது கை குச்சியை நெருங்கினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். இடது கை வளையத்தின் மேல் தாழ்ந்தால் ஒலி அடங்கும், உயர்ந்தால் பெருகும். கட்டை கிடையாது, தந்தி கிடையாது, வீணையில் இருப்பதுபோல் மெட்டும் கிடையாது. விரல் போய் உட்கார ஓர் இடம்கூட இல்லாத கருவி இது.

இதைச் செய்தவர் லெவ் தெர்மென் என்ற ரஷ்ய இயற்பியலாளர். மேற்கு நாடுகளில் லியோன் தெரமின் என்று அறியப்பட்டவர். 1896ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார்; செல்லோ வாசிக்கக் கற்றிருந்தார். 1920 வாக்கில் பெட்ரோகிராடில் அப்ராம் யோஃபேயின் ஆய்வுக்கூடத்தில், வாயுக்களின் மின்பண்பை அளக்கும் கருவி ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தபோது, தன் கை அசைய அசைய அதன் ஒலி மாறுவதைக் கவனித்தார். வெறும் பொறியாளராக இருந்திருந்தால் அதைக் கோளாறு என்று சரிசெய்திருப்பார். செல்லோக்காரராகவும் இருந்ததால் அதிலேயே ஒரு மெட்டை வாசித்துப் பார்த்தார். 1922ல் லெனின் முன் செய்து காட்டினார். 1927 இறுதியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே அங்கே காப்புரிமை கிடைத்தது. 1929ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் அதை வீட்டுக் கருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. முணுமுணுக்கத் தெரிந்தவர் எவரும் வாசித்துவிடலாம் என்ற தொனியில் விளம்பரம் செய்தார்கள். பெட்டியின் விலை 175 டாலர். வால்வுகளும் ஒலிபெருக்கியும் தனி. பங்குச்சந்தை சரிந்த நேரம். சுமார் 500 கருவிகளோடு தயாரிப்பு நின்றது. வாங்கியவர்களுக்கும் விளம்பரம் சொன்னது பொய் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆனாலும் இந்தக் கருவியை உயிரோடு வைத்திருந்தவர்களில் பலர், வேறு வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர்கள். ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' (1945) படத்தில் கேட்கும் அந்த நடுங்கும் குரலை வாசித்த சாமுவேல் ஹாஃப்மன் பாத நோய் மருத்துவர்; பகலில் கால்களைப் பார்த்துவிட்டு மாலையில் ஒலிப்பதிவுக்குப் போனார். அந்தப் படத்தின் இசைக்காக மிக்லோஷ் ரோஷாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பின்னாளில் சிந்தசைசரால் பெயர்பெற்ற ராபர்ட் மூக், பதின்வயதில் வீட்டில் தெரமின் கட்டிப் பார்த்தவர். 1954ல் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் அதைக் கட்டும் முறையை எழுதி, மாணவராக இருக்கும்போதே உதிரிப்பாகப் பெட்டிகளாக விற்றார்.

முழுநேரக் கலைஞர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கிளாரா ராக்மோர். வில்னியஸில் பிறந்து, மிகச் சிறு வயதிலேயே பீட்டர்ஸ்பர்க் இசைப்பள்ளியில் வயலின் மாணவியாகச் சேர்ந்தவர். கையில் ஏற்பட்ட கோளாறால் வயலினை விட வேண்டியதாயிற்று. தெரமினுக்கு வந்ததும், கையை முழுதாக ஆட்டாமல் விரல்களை மடக்கி விரித்தே அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொடும் முறையை உருவாக்கினார். மூன்று ஸ்தாயி இருந்த கருவியை ஐந்து ஸ்தாயிக்கு விரிக்கச் சொல்லி லியோன் தெரமினிடமே கேட்டு வாங்கினார். மூக் தம்பதியர் தயாரித்து 1977ல் வந்த அவரது இசைத்தட்டுதான் இன்றும் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் அளவுகோல். ஜெர்மனியின் கரோலினா ஐக் விரல் நிலைகளை எண்ணிட்டு, கிட்டத்தட்ட சரளி வரிசை போல ஒழுங்குபடுத்தி 2006ல் புத்தகமாக வெளியிட்டார். குரு இல்லாத ஊரில் தெரமின் கற்பவருக்கு இவ்விரண்டும் பெரிய துணை.

கருவி வேலை செய்யும் விதம் தெரியாமல் இதை வாசிக்க முடியாது. பெட்டிக்குள் சில நூறு கிலோஹெர்ட்ஸில் அதிரும் இரண்டு அலையியற்றிகள் இருக்கின்றன. ஒன்று மாறாதது. மற்றொன்று குச்சி ஏரியலோடு இணைந்தது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். கையும் ஏரியலும் சேர்ந்து ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளாகின்றன. கை நெருங்க நெருங்க மின்தேக்குத்திறன் கூடி, அந்த அலையியற்றியின் அதிர்வெண் குறைகிறது. மாறாதது 3,00,000 ஹெர்ட்ஸில் இருக்க, மாறுவது 2,99,560க்கு இறங்கினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 440 ஹெர்ட்ஸ்தான் காதில் விழும் ஒலி. அதாவது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு மாற்றம், மௌனத்தை ஸ்வரமாக்கிவிடுகிறது. இவ்வளவு நுட்பமாகக் கையை உணரும் கருவி அறையில் உள்ள மற்ற எல்லாவற்றையும் உணரும். அமெச்சூரின் தொல்லைகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இனி இங்கே சொல்லப்படுவது சென்னையில் கணக்கர் வேலை பார்த்தபடி தெரமின் பழகிய ஒருவரின் அனுபவத்தை ஒட்டியது. சிறு வயதில் வயலின் கற்று, கல்லூரியோடு விட்டவர். சுவிட்சர்லாந்தின் உர்ஸ் கௌடென்ஸ் வடிவமைத்து, யாரும் கட்டிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட ஆர்டுயினோ தெரமினோடு அவர் தொடங்கினார். சில்லறைச் சாமான்கள் ரிச்சி தெருவில் கிடைத்தன. இரண்டு மாதம் அது வாசிக்கும் கருவியாக இருக்கவில்லை. அளக்கும் கருவியாகத்தான் இருந்தது. வீட்டில் எந்த மூலையில் என்ன இரும்பு இருக்கிறது என்பதைக் கற்றுக்கொடுத்தது.

இரும்பு பீரோ பக்கத்தில் இருந்தால் அது மின்புலத்தை இழுத்துக்கொள்ளும். ஸ்தாயிகள் நெருக்கியடித்து நிற்கும். தலையை இருபக்கமும் திருப்பும் மேஜை விசிறி அருகில் இருந்தால், பிடித்த ஸ்வரம் விசிறியோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்கும். கருவியை இயக்கிக் கால் மணி நேரமாவது சூடேற விட வேண்டும். இல்லாவிட்டால் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுருதி நகரும். கரண்ட் போய் வீடு இன்வெர்ட்டரில் ஓடத் தொடங்கினால் ஒலியோடு ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரத்தின் அலைவடிவம் அப்படி.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். இரண்டு பின் அடாப்டரோடு வரும் தெரமினுக்குத் தனியாக எர்த் இல்லை. மூன்று பின் பிளக் உள்ள ஆம்ப்ளிஃபயரோடு ஒயர் வழியாக இணையும்போது அந்த எர்த்தை அது கடன் வாங்கிக்கொள்கிறது. அமெச்சூர் முதன்முதலில் பதிவு செய்ய உட்கார்ந்த இரவில், ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு, சார்ஜரும் போடாத மடிக்கணினியோடு நேரே இணைத்தார். அன்று மாலை வரை ஒழுங்காக இருந்த கருவி திடீரெனக் கைக்குப் பணிய மறுத்தது. மேல் ஸ்தாயி எங்கோ ஓடியது. கை பட்ட இடத்தில் எல்லாம் பழைய ஸ்வரம் இல்லை. கருவி பழுதாகிவிட்டது என்று இரண்டு நாள் நினைத்திருந்தார். சுவரில் உள்ள எர்த்தோடு முறையாக ஓர் ஒயர் இழுத்ததும் எல்லாம் பழையபடி வந்தது. தெரமின் பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் முதலில் எர்த்தைப் பார்ப்பது என்ற பழக்கம் அன்று வந்ததுதான்.

சுருதி சேர்ப்பது வேறு விதம். கருவியின் சுருதித் திருகைத் திருகி, வலது கையைத் தோளோடு மடக்கி வைத்தால் ஒலி அறவே அடங்கும்படி செய்ய வேண்டும். அந்தப் பூஜ்யப் புள்ளியிலிருந்து குச்சி வரை உள்ள இடம்தான் வாசிக்கும் களம். பக்கத்தில் தம்புரா ஓட வேண்டும். அது மின்னணுத் தம்புராவாகவே இருக்கட்டும். மாறாத ஒரு ஷட்ஜம் இல்லாமல் இந்தக் காற்றுவெளியில் எதுவும் நிற்காது. தொடங்கும் ஸ்வரத்தை ஒலி எழும் முன்பே மனதில் பாடிக்கொண்டு, இடது கையைத் துளி உயர்த்தி, எறும்பளவு ஒலியில் சரிபார்த்து, பிறகு திறக்க வேண்டும். தப்பான இடத்தில் திறந்துவிட்டால் சரியான இடத்துக்கு நழுவிப் போவதுதான் வழி. அந்த நழுவல் எல்லோர் காதிலும் விழும்.

மேற்கத்திய வாசிப்பாளர்கள் இதற்குக் கண்டிருக்கும் மருந்து, ஒவ்வொரு ஸ்வரத்தின் மீதும் வினாடிக்கு ஐந்தாறு முறை அசையும் நடுக்கம். சிறு பிசகை அது மூடிவிடும். கர்நாடக இசைக் காதுக்கு அந்த நடுக்கம் ஒத்துவருவதில்லை. எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அசைவு என்றால் ராகமே கலைந்துவிடும். தோடியின் காந்தாரம் ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டு ஆட வேண்டிய கம்பிதம். மோகனத்தின் காந்தாரம் பெரும்பாலும் நேராக நிற்க வேண்டியது. தெரமினில் இரண்டுமே கடினம், ஆனால் வெவ்வேறு காரணத்தால். நிறுத்துவது கடினம், ஏனென்றால் மூச்சு விட்டாலே உடல் அசைகிறது. ஆட்டுவது கடினம், ஏனென்றால் ஏரியலை நெருங்க நெருங்க ஸ்வரங்களின் இடைவெளி சுருங்குகிறது. மத்திய ஸ்தாயியில் மணிக்கட்டை ஆட்டி வாசித்த அதே காந்தாரத்தைத் தார ஸ்தாயியில் ஒற்றை விரலின் மேல் கணுவால் வாசிக்க வேண்டியிருக்கும். ஜாரு மட்டும் இதில் தானாகவே வரும். அதுவே ஆபத்து, எல்லாமே ஜாருவாகிவிடும். ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் தர, இடது கை வளையத்தைத் தட்டுவதுபோல் தாழ்ந்து எழ வேண்டும். வலது கை ராகம் பாடுகிறது என்றால் இடது கைதான் அதற்கு வில். வயலின் பழகியவருக்குக்கூட இதைப் புரிந்துகொள்ள ஓர் ஆண்டு பிடித்தது.

மெட்டில்லாத கோட்டுவாத்தியம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. வயலினை பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலும், மின்சார மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் கையிலும் இந்த இசை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே கருவியின் அந்நியத்தன்மை ஒரு தடையே இல்லை. தடை வேறு: கேட்டுத் திருத்த ஆள் இல்லை. கோட்டுவாத்தியக் கலைஞர் தெரமினின் ஸ்வரத்தைத் திருத்தலாம், கையைத் திருத்த முடியாது. அந்த இடத்தைத்தான் கைபேசிப் பதிவு நிரப்பியது. வாசிக்கும்போது காதும் கையும் ஒன்றையொன்று சமாதானப்படுத்திக்கொள்கின்றன. மறுநாள் காலை பஸ்ஸில் அதைக் கேட்டால் சமாதானம் எடுபடாது. சமூக வலைத்தளத்தில் வாரம் ஒன்று போடுவது என்று வைத்துக்கொண்டதற்கு ரசிகர்களைச் சேர்ப்பது நோக்கமல்ல. பிறர் கேட்கப்போகிறார்கள் என்ற பயம் இருந்தால்தான் பதினோராவது முறையும் எடுக்கத் தோன்றும்.

முதல் வீடியோவை எடுத்தது பள்ளியில் படிக்கும் மகன். வாசிப்பு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பையன் விரல்களைக் கிட்டத்தில் காட்ட நினைத்து இரண்டு அடி முன்னால் வந்தான். பஞ்சமத்தில் நின்ற சுருதி அப்படியே ஏறி நிஷாதத்தில் போய் நின்றது. "அப்பா, நீ அபஸ்வரமா வாசிக்கிற" என்றான். "நீ பின்னாடி போடா, சரியாயிடும்" என்று பதில் வந்தது. பின்னால் போனான், சரியானது. அந்த இருபது வினாடியைத்தான் மற்ற எல்லாப் பதிவுகளையும்விட அதிகம் பேர் பார்த்தார்கள். கருவியை ஒரு பக்கம் எழுதி விளக்குவதைவிட அது நன்றாக விளக்கியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பின் வரிசை ஒன்று ஏற்பட்டது. முதலில் முக்காலியையும் கைபேசியையும் அவற்றின் இடத்தில் நிறுத்துவது, பிறகு சுருதி சேர்ப்பது. மாற்றிச் செய்தால் முக்காலியின் உலோகக் கால் சேர்த்த சுருதியைக் கெடுத்துவிடும். இரு கைகளும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும். செங்குத்துக் காட்சியில் இது சுலபமல்ல, ஏனென்றால் இரண்டு ஏரியலும் எதிரெதிர் பக்கம் நீள்கின்றன. கேமராவைச் சற்று வலப்பக்கச் சாய்வாகவும் உயரமாகவும் வைத்தால் இரண்டும் அடங்கும். இடது கை வெட்டுப்பட்டால் பார்ப்பவர்கள் பாதி வாசிப்பைத்தான் பார்க்கிறார்கள்; சிலர் பின்னணியில் ஓடும் பாட்டுக்குக் கை ஆட்டுவதாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒலிதான் பெரிய சிக்கல். தெரமினின் ஒலி தூய சைன் அலைக்கு நெருக்கமானது; மேற்சுரங்கள் குறைவு. கைபேசியின் சிறு ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளைத் தர முடியாது. வீணையின் மந்திர ஸ்வரம் மேற்சுரங்களின் தயவில் அதிலும் ஊகமாகக் கேட்கும். தெரமினின் மந்திர ஸ்வரம் காணாமலே போகும். ஒரு கட்டையில் மந்திர ஸ்தாயி ஆலாபனை ஒன்றைப் பதிவிட்டபோது, வெறும் கையசைவும் தம்புராவும்தான் போய்ச் சேர்ந்தன. அதன் பின் பதிவுக்கென்று மட்டும் ஐந்து கட்டை சுருதிக்குப் போனார். கைபேசியின் மைக்கிலும் கோளாறு உண்டு. அதில் உள்ள தானியங்கி ஒலியளவு, இடது கை பாடுபட்டு உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கிவிடும். வீடியோ அழைப்புகளில் உள்ள இரைச்சல் நீக்கி இன்னும் மோசம். நீண்டு நிற்கும் ஒரே ஒலியை அது மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். நன்றாகப் பிடித்த ஸ்வரம்தான் முதலில் போகும்! அதை அணைத்துவிட்டுத்தான் நேரலைக்குப் போக வேண்டும். புளூடூத் ஹெட்ஃபோன் அறவே ஆகாது. அதில் ஒலி சற்றுத் தாமதித்தே வருகிறது. காதை மட்டும் நம்பி வாசிக்கும் கருவியில் அந்தத் தாமதம், கண்ணைக் கட்டிக்கொண்டு கடந்த தெருவைத் தேடுவது போல. ஆகவே ஒயர் ஹெட்ஃபோன், கருவியிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு நேர் ஒயர், படத்துக்கு மட்டும் கைபேசி. இரண்டையும் பின்னர் பொருத்தத் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல்.

மேற்சுரம் குறைந்த இதே குணம் வேறோர் இடத்தில் நன்மையாகக் கொள்ளப்பட்டது. 2001ல் கிரைமியாவின் யெவ்பத்தோரியாவிலிருந்து அலெக்சாந்தர் ஜாய்த்செவ் குழுவினர் விண்மீன்களை நோக்கி வானொலிச் செய்தி அனுப்பியபோது, தெரமின் இசையையும் சேர்த்து அனுப்பினார்கள். ஒற்றை அலைவரிசையில் மெல்ல நகரும் ஒலி தொலைவில் பிரித்தறிய எளிது என்பது காரணம். கைபேசி ஸ்பீக்கரைவிட வேற்றுக்கிரக ஆன்டெனாவின் மீது அதிக நம்பிக்கை வைத்த முடிவு அது.

எதை வாசித்துப் பதிவிடுவது என்பதில் தொடக்கத்தில் திரைப்பாட்டுதான் கை கொடுத்தது. தெரிந்த மெட்டு என்றால் சிறு பிசகைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். ஆனால் திரைமெட்டுக்குத் தளத்தின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனை குறுக்கே வரும். ஒலி நீக்கப்பட்டு, காற்றில் கை ஆட்டும் ஊமைப்படம் மிஞ்சும். ஒருமுறை தியாகராஜர் கிருதி ஒன்றின் மீதே ஒரு நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்தது. மறுப்புத் தெரிவித்துத் தீர சில வாரம் ஆனது. பழைய வர்ணங்களும் சொந்த ஆலாபனையும் பாதுகாப்பானவை. நீளம் ஒன்றரை நிமிடத்துக்குள் இருந்தால் கடைசிவரை கேட்கிறார்கள். இது ஆலாபனைக்கு அநியாயமான அளவு. ஆனால் ஒரு ஸ்வரத்தில் நின்று கிளம்பி மறு ஸ்வரத்தில் நிற்கக் கற்பதற்குப் போதுமான அளவு. திகில் படத்தின் ஊளைச் சத்தத்தை வாசித்தால் பார்வை பல மடங்காகும் என்பது உண்மை. மாதத்துக்கு ஒன்று அப்படியும் போட்டார். கருவியை முதன்முதலில் பார்ப்பவர் சிரித்துக்கொண்டு உள்ளே வரட்டும் என்பதில் தவறில்லை.

வேறு ஊர்களில் உள்ள வாசிப்பாளர்கள் இப்படித்தான் அறிமுகமானார்கள். தெரமின்காரர்கள் ஓரறையில் கூடுவது எளிதல்ல. இரண்டு கருவிகளைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் அலையியற்றி மற்றதை இழுக்கும். ஒருவர் கை அசைத்தால் மற்றவர் சுருதி கெடும். பல அடி இடைவெளி விட வேண்டும். ஜப்பானின் மசாமி தாகேயுச்சி, ரஷ்ய மத்ரியோஷ்கா பொம்மைக்குள் அடக்கிய மத்ரியோமின் என்ற சிறிய வடிவம் இந்தச் சிக்கலைக் குறைத்தது. 2013ல் ஹமமத்சுவில் 272 பேர் ஒன்றாக அதை வாசித்தார்கள். பெரிய கருவி வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவரவர் வீட்டில் பதிவு செய்து அனுப்பித்தான் சேர்ந்து வாசிக்க முடியும்.

இதற்கான நடைமுறை சில சோதனைகளுக்குப் பின் நிலைபெற்றது. முதலில் சுருதியும் காலப்பிரமாணமும் முடிவாகும். ஒரே தம்புராப் பதிவும் ஒரே தாளப் பதிவும் எல்லோருக்கும் போகும். மிருதங்கம் முதலில் பதிவாகும், அடுத்து வயலின் அல்லது வீணை. தெரமின் எப்போதும் கடைசி. நிலையான ஸ்வர இடம் உள்ள கருவியை அது பின்தொடரலாம். தெரமினைப் பின்தொடரச் சொன்னால் வீணைக்காரர் திணறிவிடுவார். ஒலிக்கோப்பு 48 கிலோஹெர்ட்ஸில், எந்தச் செயற்கை எதிரொலியும் சேர்க்காமல் அனுப்பப்பட வேண்டும். எதிரொலி, பிசகை மறைக்கும் இன்னொரு திரை என்பதால், சேர்ப்பதா வேண்டாமா என்று கலவை செய்பவர்தான் முடிவு செய்வார். மோகன வர்ணம் ஒன்றைக் கோயம்புத்தூர் மிருதங்கத்தோடும் பெங்களூர் வீணையோடும் சேர்த்தபோது, தெரமின் பகுதிக்கு மட்டும் இருபத்து மூன்று டேக் ஆயிற்று. தேர்வானது பத்தொன்பதாவது. அதன் எத்துக்கடை ஸ்வரத்தில், பக்கத்து அறையில் யாரோ பீரோவைத் திறந்த நேரத்தில், காந்தாரம் ஒரு மயிரிழை இறங்கி மீண்டிருப்பது இப்போதும் அதில் கேட்கும்.